பிடித்து வைத்த பெட்டி

கப்பலைப் பற்றி நீங்கள் எல்லோரும் கதைத்து முடித்துவிட்டீர்கள். எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தால் போதும். தலைமன்னார் இறங்குதுறை, கப்பலின் ஊதல், இராமேஸ்வரத்திலிருந்து வந்து இறங்கிய சீலை, வாசனைச் சோப்பு என்று தொடங்கிவிடுவீர்கள். கப்பல் நின்ற பிறகு இறங்குதுறையில் இருந்த நாங்கள் என்னத்தைத் தின்றோம் என்று இன்று வரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் கப்பல் கதை அலுத்துவிட்டது. நான் பெட்டிக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீடு ஸ்டேசனுக்குப் பின்னால் இருந்தது. அப்பா கப்பலடியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு மேலாள். பின் வளவில் ஒரு நீட்டு அறை கட்டி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, கூரைக்குக் கிடுகு வேய்ந்து, கப்பலுக்கு வந்து தங்குகிறவர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுத்து வந்தார். பெரும்பாலும் மலைநாட்டுச் சனம். இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்கள். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவர்களை, நீங்கள் இந்தியப் பிரசை, போங்கள் என்று கடதாசி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம். அவர்கள் ஸ்டேசனில் கோச்சியை விட்டு இறங்குவார்கள், ஓரிரண்டு நாள் இருப்பார்கள், கப்பல் ஊதும், போய்விடுவார்கள்.

வாடகை காலையில் கையில் வரவேண்டும். அது முதலாவது சட்டம். இரண்டாவது சட்டம் பெட்டி. வந்தவர்களுடைய பெட்டிகளில் பெரியது எதுவோ அது எங்கள் முன் அறைக்கு வந்துவிடும். "கள்ளர் பயம், இஞ்ச இருந்தால் பத்திரம்" என்று அப்பா சொல்லுவார். கள்ளரும் இல்லை, கிள்ளரும் இல்லை. ஊதல் கேட்டால் ஆள் ஓடிவிடுவான், பெட்டியை விட்டுவிட்டு ஓடமாட்டான், அவ்வளவுதான் காரியம். இறங்குதுறையில் அறை வைத்திருந்த எல்லோரும் இதைத்தான் செய்தார்கள், ஒருவரும் அதைப் பிழையென்று நினைத்ததில்லை. அந்தப் பெட்டிகளின் மேல் ஏறி இருந்துதான் நான் வீட்டுப்பாடம் செய்வேன். பூச்சி உருண்டை மணமும் பழைய தேயிலை மணமும் கலந்து வரும். இன்றைக்கும் ஒரு புதுத் தேயிலைப் பக்கற்றைப் பிரித்தால் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடுதான் ஞாபகம் வருகிறது.

சண்டை தொடங்கிய அந்த வருடத்தில் ஒரு குடும்பம் வந்தது. ஒரு மனிதர், அவருடைய மனைவி, என் வயதில் ஒரு மகள். எங்கள் வெயிலில் அந்த மனிதர் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் நின்றார். பெட்டியில் இடமில்லையாம், அதனால் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். பச்சை வர்ணம் அடித்த அவர்களுடைய தகரப் பெட்டி வழமைபோல எங்கள் முன் அறைக்கு வந்தது. அடுத்த கப்பலுக்குப் போகவேண்டியவர்கள்.

அடுத்த கப்பல் வரவில்லை.

முதலில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. காற்று மூர்க்கமானால் கப்பல் சில நாள் நிற்பது உண்டுதானே. காற்று விழுந்தது, கப்பலைக் காணவில்லை. பிறகு சண்டை முடியட்டும் என்றார்கள். அந்த மனிதர் தினமும் காலையில் அப்பாவின் கையில் வாடகையை வைத்துவிட்டு, இறங்குதுறை வரைக்கும் நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார். கையிலிருந்தது முடிந்ததும் வாடகை நின்றது. கடல் பார்க்கப் போவதும் நின்றது.

கப்பல் இல்லாத இறங்குதுறையில் அப்பாவுக்கு மட்டும் என்ன வேலை? எங்கள் அடுப்புக்கும் அந்த அறை வாடகை ஒன்றுதான் கதி. அம்மா மரவள்ளிக் கிழங்கை ஒரு நாள் அவித்து, மறுநாள் கறி வைத்து, அதற்கு அடுத்த நாள் இடித்துப் பிட்டாக்கி, அது வேறு சாப்பாடு என்று எங்களை நம்பவைக்கப் பார்த்தா.

"போய்க் கேளுங்கோவன்," என்று ஒரு காலையில் அப்பாவிடம் சொன்னா.

அப்பா போனார். உங்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. மூட்டைக்காரர் நாற்பது பேரைக் கடற்கரையில் வைத்து வாய் கிழியத் திட்டுகிற மனிசன், தன்னுடைய காசைக் கேட்பதென்றால் நாக்கு உள்ளே போய்விடும். அறை வாசலில் நின்று செருமினார். அந்த மனிதர் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"என்ன, காத்து இண்டைக்கு எப்பிடி?"

"நல்லா வீசுதுங்க ஐயா."

திரும்பி வந்துவிட்டார்.

"காத்தையோ கேக்கப் போனனீங்கள்?" என்றா அம்மா.

"சும்மா இரும். பெட்டி எங்களிட்டத்தானே இருக்கு. எங்க போகப் போறான்?"

அதன் பிறகு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். நேரே கேட்காமல் குத்திக் காட்டுவது. தலைமன்னாரில் கட்டாக்காலிக் கழுதைகள் எங்கும் திரியும், உங்களுக்குத் தெரியும். ஒரு காலை அப்பா அறை வாசலுக்குப் போய்ச் செருமி, அந்த மனிதர் வந்து கைகட்டி நின்றதும், முற்றத்தில் நின்ற கழுதையைப் பார்த்து உரத்துச் சொன்னார்.

"வாறது, நிக்கிறது, திண்டிட்டுப் படுக்கிறது. இது என்ன சத்திரமோ? கேக்க ஆளில்லையெண்ட நினைப்பு."

நான் கிணற்றடியில் நின்றேன். எனக்கே விளங்கியது. அந்த மனிதர் தலையை ஆட்டினார். கழுதையைத் துரத்திவிட்டார். அன்று முழுக்க வெளியே அலைந்து உடைமரத்து முள்ளும் பனைமட்டையும் இழுத்து வந்து, பொழுது சாய்வதற்குள் வளவின் கடற்பக்கம் முழுவதற்கும் வேலி அடைத்துவிட்டார். மனைவி முள்ளுக் கட்டைச் சுமந்து வந்த விதத்தை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். எங்கள் பெண்கள் தலையில் வைப்பார்கள், இடுப்பில் வைப்பார்கள். இவ முதுகில் வைத்துக் கயிற்றை நெற்றியில் மாட்டி இழுத்து வந்தா. கொழுந்துக் கூடை தூக்கிய பழக்கம்.

"பயந்திட்டான்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "கொஞ்ச நாளில காசு வரும்."

காசு வரவில்லை. அப்பா அடுத்ததாக முருங்கையைப் பிடித்தார். "கண்டபாட்டுக்கு வளந்து போய்க் கிடக்கு. எதுக்கும் ஒரு எல்லை வேண்டாமோ?" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் அம்மா முற்றத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறா. எங்கள் முருங்கை மரம் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. மேலே மேசை மாதிரி மட்டமாக வெட்டியிருக்கிறது.

"கவ்வாத்து வெட்டிட்டேங்க அம்மா," என்றார் அந்த மனிதர் சந்தோசமாக. தேயிலைச் செடியை வெட்டுவதற்கு அவர்களுடைய பேச்சில் அதுதான் சொல். "இனிமே பாருங்க, எப்புடி தளிரு வரும்னு."

அம்மா அன்று பேசிய பேச்சை நான் இங்கே சொல்ல முடியாது. மாதாவைக் கூப்பிட்டா, அந்தோனியாரைக் கூப்பிட்டா, அப்பாவைக் கலியாணம் பேசி வந்த தரகரையும் கூப்பிட்டா. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பிறகு அந்த முருங்கை கிளைத்த கிளையில் ஏணி வைக்காமல் நான் கையாலேயே இலை பறித்தேன். வேலிக்கு உள்ளே அவர் கழுதைச் சாணமும் மீன் கழுவிய தண்ணீரும் போட்டுப் பயிற்றங்கொடி வைத்தார், எங்கள் உப்பு மணலில் அது காய்த்தது. விடிய எழுந்து பார்த்தால் ஒரு கைப்பிடி பயிற்றங்காய் எங்கள் குசினிப் படியில் இருக்கும். அம்மா திட்டிக்கொண்டே எடுத்து நறுக்குவா.

அவர்களுடைய மகளும் நானும் கூட்டாளிகளாகிவிட்டோம். அவளுக்குக் கடல் பயம். கரையில் நின்று, "இவ்வளவு தண்ணியையும் யாரு தொறந்து விட்டது?" என்று கேட்டாள். எங்கள் முன் அறைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பச்சைப் பெட்டியை ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் போவாள். அதற்குள் தன்னுடைய குளிர்ச் சட்டை இருக்கிறது என்றாள். நான் அதன் மேல் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது, இறங்கு என்பாள்.

மழைக்கு முதல் ஒரு விசயம் நடந்தது. பேசாலைப் பக்கத்துக் கருவாட்டு முதலாளி ஒருவர் அப்பாவிடம் வந்து, கருவாடு அடுக்கி வைக்க அந்த அறை தனக்கு வேண்டும் என்றார். மாத வாடகை, அதுவும் முற்காசு. வீட்டில் அரிசி இல்லாத நேரம். அப்பா ஓம் என்றுவிட்டார். இனி அந்தக் குடும்பம் எழும்பவேண்டும். எங்கே போகும்? தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து அறை வேறு ஆளுக்குப் போய்விட்டது. இந்தியாவுக்குக் கப்பல் இல்லை. அப்பா அன்று இரவுச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மறுநாள் காலை போய்ச் செருமினார். எதைப் பார்த்தும் பேசாமல், முதல் தடவையாக ஆளைப் பார்த்தே சொன்னார்.

"மழை வரப்போகுது, தம்பி. கூரை வேயவேணும். அறையை ஒழிச்சுத் தாங்கோ."

"சரிங்க ஐயா," என்றார் அவர்.

அப்பாவின் கண் கலங்கியது, நான் பார்த்தேன். இவ்வளவு சுகமாக முடிந்துவிட்டதே என்று வந்து கதிரையில் இருந்தார். அரை மணித்தியாலத்தில் அவர்களுடைய பாய், சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் முற்றத்தில். பிறகு அந்த மனிதர் கூரையில் ஏறினார். பழைய கிடுகை எல்லாம் பிய்த்து எறிந்தார். மனைவியும் மகளும் கீழே இருந்து எங்கள் வளவில் அடுக்கியிருந்த புதுக் கிடுகை எடுத்து எறிய, அவர் பிடித்துக் கட்டினார். மூன்று நாளில் கூரை முடிந்தது. ஓர் ஓட்டை இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு மூவரும் திரும்ப உள்ளே போய்விட்டார்கள்.

அம்மா சிரித்தா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தா. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு கோயில் மூப்பரிடம் போனார்.

எங்கள் ஊரில் வலைச் சண்டை, வேலிச் சண்டை, புருசன் பெண்சாதிச் சண்டை எல்லாம் தீர்ப்பது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் அறையில் கதிரை போட்டு இருத்தினோம். அந்த மனிதர் வாசலில் நின்றார். மனைவியும் மகளும் அவருக்குப் பின்னால்.

"தம்பி," என்றார் மூப்பர், "இவர் உங்களை இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லாமல் வைச்சிருக்கிறார். வாடகை தரேல்லை. இனியும் தராமல் இருக்கிறது முறையோ, சொல்லுங்கோ."

அந்த மனிதர் அப்பாவைப் பார்த்தார். அவருடைய முகத்தில் வந்தது கோபமா, வெட்கமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அது திகைப்பு என்று இப்போது சொல்வேன்.

"என்னங்க ஐயா இப்புடி சொல்றீங்க? ஒரு நாளாச்சும் வேலைக்கு நிக்காம இருந்திருக்கேனா?"

"என்ன வேலை?" என்றார் மூப்பர்.

"ஐயா தெனமும் காலையில வந்து வேலை சொல்லுவாங்க. வேலி அடைக்கச் சொன்னாங்க, அடைச்சேன். மரத்த வெட்டச் சொன்னாங்க, வெட்டுனேன். கூரை மேயச் சொன்னாங்க, மேஞ்சேன். எங்க தோட்டத்துல காலையில பெரட்டுக்கு வரிசையா நிப்போம், கங்காணி வந்து வேலை பிரிப்பாரு. வேலை செஞ்சா லயம். வேலை செய்யிறவங்கிட்ட யாருங்க வூட்டு வாடகை கேப்பா?"

மூப்பர் அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் தான் போய்ச் செருமியபோது அந்த மனிதர் ஏன் ஓடி வந்து கைகட்டி நின்றார் என்பது அவருக்கு அந்த நேரம்தான் விளங்கியிருக்க வேண்டும்.

"நான் வேலை கேக்கேல்லையே," என்றார் மெதுவாக.

"அப்ப ஏங்க பெட்டியப் புடிச்சு வச்சிருக்கீங்க?"

"வாடகைக்கு."

"நான் வேற மாதிரி நெனச்சேங்க." இப்போது அவர் பச்சைப் பெட்டியைப் பார்த்தார். "மடு பக்கம் எங்க ஆளுங்க காட்ட வெட்டிக் குடியிருக்காங்க. வந்துருங்கன்னு ரெண்டு தடவ சொல்லி வுட்டாங்க. ஐயா பெட்டியக் குடுக்காம இருக்காங்களே, வேலைக்கு ஆளு வேணும்னு வச்சிருக்காங்கன்னு நெனச்சு நின்னுட்டேன். எங்க தாத்தா காலத்துல தொரை அப்புடித்தான் வுடமாட்டாராம். பெட்டிய வுட்டுட்டு எப்புடிங்க போறது? இருக்கறதே அது ஒண்ணுதானே."

 இத்தனை மாதமும் அப்பா அவரைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் போகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டி மட்டும் இரண்டு பேரையும் பிடித்து வைத்திருந்தது. மூப்பர் தொண்டையைச் செருமினார், உடனே நிறுத்திக்கொண்டார்.

அப்பா எழுந்து போய் அந்தப் பச்சைப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். மூட்டைக்காரருக்கு மேலாளாக வந்த பிறகு அவர் ஒரு சுமை தூக்கி நான் கண்டது அன்றுதான். வாடகையைப் பற்றிப் பிறகு ஒரு சொல் வரவில்லை. மகள் உடனே பெட்டியைத் திறந்து குளிர்ச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கை குட்டையாகிப் போயிருந்தது.

அடுத்த நாள் லொறியில் போனார்கள். அம்மா ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தா. போகுமுன் அந்த மனிதர் கத்தியை எடுத்து வந்து, முருங்கையை எந்தக் கணுவுக்கு மேல் வெட்டவேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் போனார். கருவாட்டு முதலாளி அந்த அறையில் சாமானை அடுக்கினார். முற்காசுக்குப் பிறகு அவர் ஒரு சதமும் தரவில்லை. கேட்கப் போன அப்பா காற்றைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார்.

சில வருடங்களில் சண்டை எங்கள் முற்றத்துக்கே வந்தது. இறங்குதுறைச் சனம் முழுவதும் கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம். நடந்தும் வண்டியில் தொற்றியும் மடுமாதா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள், அதை நான் விவரிக்கத் தேவையில்லை. கோயில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. நாங்கள் ஒரு பாலை மரத்துக்குக் கீழே எங்கள் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தோம். மழை தொடங்கிவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல்.

சனத்துக்கு நடுவே ஒரு பெண் பயிற்றங்காய் விற்றுக்கொண்டு போனா. கூடை முதுகில், கயிறு நெற்றியில். நான் எழுந்து ஓடினேன்.

அவர்களுடைய வீடு கோயிலுக்கு வெளியே, காடு வெட்டிய காணியில் இருந்தது. மண் சுவர், ஒரே அறை. அந்த மனிதர் எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. அறையின் நடுவில் ஒரு சீலையைக் கட்டி, மழை ஒழுகாத பக்கத்தை எங்களுக்குத் தந்தார். மகள் என்னைவிட வளர்ந்திருந்தாள். அம்மாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். மாதா வீட்டில் கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது என்று அம்மா பிறகு சாகும் வரைக்கும் சொன்னா.

படுக்கப் போகுமுன் அப்பா எங்கள் பெட்டியைத் தூக்கினார். அதற்குள் அம்மாவின் தாலிக்கொடியும் வீட்டு உறுதிப் பத்திரமும் நான் கோயிலில் முதல்நன்மை எடுத்தபோது போட்ட சட்டையும் இருந்தன. சீலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அவர்கள் படுக்கிற இடத்தில் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தா.

விடிய அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"இது இங்கியே இருக்கட்டுங்க ஐயா."

"இல்லைத் தம்பி. முறை எண்டு ஒண்டு இருக்கு. நாங்கள் எவ்வளவு நாள் இருப்பமோ."

"அதுக்குத்தாங்க சொல்றேன். பெட்டிய வச்சிட்டா ஆளு போக முடியாது. எனக்குத் தெரியும்ல." அவர் பெட்டியை அம்மாவின் தலைமாட்டில் வைத்தார். "நாங்க இனி எங்கயும் போறதா இல்லீங்க. நீங்க ஊருக்குப் போகணும்."

அப்பா எழும்பிப் பாயைச் சுருட்டினார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே போனார். நான் சீலையை விலக்கிப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. அந்த வீட்டு வாசலில், ஈர மண்ணில், அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரிந்த நிற்பு.

அந்த மனிதர் வெளியே வந்தார். அப்பாவைக் கண்டு நின்றார். இப்படி இருங்க ஐயா என்று சொல்ல வாய் எடுத்தார் என்றுதான் நினைக்கிறேன், சொல்லவில்லை. அவருக்கும் அந்த நிற்பு தெரியும். அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு தொண்டையை ஒரு முறை செருமினார்.

"அந்த வேலி கொஞ்சம் சரிஞ்சு கெடக்குதுங்க," என்றார்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு வேலியடிக்குப் போனார்.